நான் தேய்த்த தகடு

என் வீட்டுக் குளியலறைக் கதவில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு தொங்குகிறது. மூலைக்கு ஒன்றாக நான்கு ஆணி ஓட்டைகள். தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் சவரம் செய்கிறேன். வீட்டில் வேறு கண்ணாடி இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் தகட்டில் என் முகம் தெரியும் இடத்தில் ஓர் எண் இருந்தது. அதை அழித்தவன் நான்.

சுனாமிக்கு முந்தைய ஆண்டு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டில் ஒரு பாத்திரத் தொழிற்சாலையில் பாலிஷ் பிரிவில் இருந்தேன். சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகுக் கட்டியைத் தடவிப் பிடித்தால் எந்தக் குண்டானிலும் பத்து நிமிடத்தில் முகம் தெரியும். தெரியாவிட்டால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். அந்தப் பழக்கத்தில், முகம் தெரியாத எந்த உலோகத்தைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். சாரம் பகுதியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சொல்தா என்னைத் தேடி வந்தது அதனால்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நேரில் கூப்பிட்டால் முசே. இடுப்புப் பட்டையின் பித்தளை மின்னினால் அதிகாரி மற்ற எதையும் பார்க்க மாட்டார் என்பதுதான் முசே பட்டாளத்தில் கற்று வந்த பாடம்.

யாரோ வெள்ளைக்காரத் தம்பதி விட்டுப்போன பழைய கேரவன் ஒன்றைக் காகிதங்களோடு வாங்கி வைத்திருந்தார். சினிமாக்காரர்கள் உட்காரும் பஸ் அல்ல. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் அலுமினிய வீடு. உள்ளே ஒரு கட்டில். கட்டில் அவர் மனைவிக்கு. நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். முதுகெலும்பில் புற்று, உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். சாவதற்குள் பிறந்த ஊரான காரைக்காலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். காரைக்காலும் எங்கள் புதுச்சேரிதான். ஆனால் கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும், நடுவில் சோதனைச் சாவடி. பதிவு இல்லாத வண்டி நகராது. ஆம்புலன்ஸில் போகலாமே என்று மேதாவி மாதிரி நான்தான் சொன்னேன்.

"ஆம்புலன்ஸ்ல போயி எறங்குனா பொணம் வந்துருக்குன்னு தெருவே கூடிடும்டா," என்றார் மதாம். "நான் கதவத் தொறந்து கைய ஆட்டணும்."

பதிவுக்குப் போகும் முன் கேரவன் மின்ன வேண்டும் என்றார் முசே. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்தேன். கடைசி ஞாயிறு கதவோரத்துத் தகடு மட்டும் மங்கலாக மிச்சம் இருந்தது. அதில் மேலோட்டமாக ஏதோ கீறல்கள். கீறல் என்று எழுதுகிறேன். எண் என்று அப்போதே தெரியும். சுற்றிலும் வானம் தெரிய, அது ஒன்று மட்டும் அழுது வடிந்துகொண்டிருந்தது. லேசாகத் தொடலாம் என்று சக்கரத்தை வைத்தேன். என் கைக்கு லேசாகத் தொடத் தெரியாது. டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்த முசே, "த்ரே பியேன், தம்பி," என்று பிரெஞ்சில் பாராட்டினார்.

வண்டிப் பதிவு அலுவலக மைதானத்தில் இன்ஸ்பெக்டர் முதலில் கேரவனைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். "இத ரோட்ல வுட்டா எதுக்க வர்றவன் கண்ணு அவிஞ்சுடும் சார். சைடுல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க," என்றார். ஸ்டிக்கரோடு போயிற்று என்று எனக்கு உயிர் வந்தது. அடுத்து சேசிஸ் நம்பர் கேட்டார். தகட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் காகிதத்தில் விழும், அதுதான் சான்று. தேய்த்தார். காகிதம் முழுக்கக் கறுப்பு. திருப்பிப் பார்த்தார், எண் அந்தப் பக்கம் விழுந்திருக்குமோ என்பதுபோல. மறுபடி தேய்த்தார். வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தார். அங்கே இரும்புச் சட்டம் துருவில் உதிர்ந்திருந்தது. அதற்குள் நான் ஜீப்புக்குப் பின்னால் குந்திவிட்டேன். வீரன் மறைந்துகொண்ட அழகு என்னவென்றால், கேரவனின் பக்கவாட்டில் என் முழு உருவமும், வியர்வை உட்பட, தெளிவாகத் தெரிந்தது. நான் போட்ட மெருகு அப்படி.

"திருட்டு வண்டிலதான் நம்பர அழிப்பாங்க. யாரு தேச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர், கேரவனில் என்னைப் பார்த்தபடி.

வாயைத் திறந்தேன். "ஸ்டிக்கர் எந்தக் கலர்ல ஒட்டணும் சார்" என்பதுதான் வந்தது.

"நான்தான் தேச்சேன். பட்டாளத்துப் பழக்கம்," என்றார் முசே.

நான் மறுக்கவில்லை. வண்டி செய்த வெளிநாட்டுக் கம்பெனி எண்ணை உறுதி செய்து கடிதம் அனுப்பும்வரை வண்டி சாலைக்கு வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். முசே கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். பதில் இல்லை.

மதாம் முற்றத்தில் நின்ற கேரவனிலேயே படுத்துக்கொண்டார். நான் வேலை முடிந்து வரும்போது திறந்த கதவு வழியே கையை ஆட்டி, "எந்த ஊருடா வந்துருக்கு?" என்பார். "கடலூரு மதாம். ரயில் கேட்டு போட்டுட்டான்," என்பேன். சிரிப்பார். சிரித்தால் வலிக்கும், அப்படியும் சிரிப்பார். நாலைந்து நாளுக்கு ஓர் ஊராகத் தள்ளிக்கொண்டே போனேன். சிதம்பரத்தில் சாப்பாடு நின்றது. சீர்காழியில் பேச்சு நின்றது. நடுவில் ஓரிரண்டு சின்ன ஊர்கள்தான் மிச்சம். ஒரே மூச்சில் காரைக்கால் என்று சொல்லியிருக்கலாம். விளையாட்டை விளையாட்டாகவே ஆடிக்கொண்டிருந்தேன்.

உடலைக் காரைக்காலுக்குத்தான் கொண்டுபோனோம், ஆம்புலன்ஸில். சோதனைச் சாவடியில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். மதாம் சொன்னபடியே தெரு கூடியது.

கேரவனைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று முசே தகட்டைக் கழற்றி வந்து என்னிடம் நீட்டினார். நான் அழ ஆரம்பித்தேன்.

"நீ தேய்க்கறப்போ நம்பர் போறத நானும் பாத்துட்டுத்தான் நின்னேன் தம்பி," என்றார். "நிறுத்துன்னு சொல்லியிருக்கணும். ரொம்ப அழகா இருந்துச்சு."

முசேயும் போய்ப் பல வருடமாகிறது. போன வாரம் என் மனைவி, மங்கிக் கிடக்கிறதே என்று தகட்டைச் சாம்பல் போட்டுத் தேய்க்கப் போனாள். "தொடாதடி," என்று சோப்பு நுரையோடு பாய்ந்தேன். பாத்திரக் கம்பெனிக்காரன் வீட்டில் இப்படி ஒரு அழுக்கா என்று கேட்டாள். அலுமினியம் மங்க மங்க, அடியில் குத்து வாங்கிய இடம் நிழலாக மேலே வரும் என்று தொழிற்சாலையில் யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறேன். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால், என் இடது கன்னத்துக்குக் கீழே ஓர் இலக்கம் மூன்று போலத் தெரிகிறது. எட்டாகவும் இருக்கலாம்.