கிளைவின் இன்ஜின், டென்சிலின் கார்

என் தம்பி டென்சில் பாஸ்கோவுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் கடலோர ஊரான வாலரூ முழுக்கச் சொல்லும். பிடித்த மீனின் நீளத்தைக் கூட்டிச் சொல்லத் தெரியாத ஒரே ஆள், எங்கள் படகுத்துறையில் அவன்தான். ஆனால் பதினோரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னான். பக்கத்தில் நின்று அதற்குத் துணை போனவள் நான். அவனைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் திட்டாமல் விடவில்லை.

முப்பத்தேழு வருஷம் தானியக் கிடங்கில் ஃபிட்டராக இருந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என் வீட்டில்தான் இருக்கிறான். "யாரையாவது பாருடா" என்று நான் நச்சரித்த காலத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி வந்தான். வெள்ளை. அதே வருஷம், அதே மாடலில் சிவப்பு ஒன்றை வாங்கினான் கிளைவ் நன்கிவெல். இருவரும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து ஊர் மூண்டா வரை போய்த் திரும்புவார்கள், யார் முந்தினான் என்று அடுத்த ஞாயிறு வரை சண்டை போடுவார்கள்.

வயதானால் ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒவ்வொரு இடத்தில் கோளாறு வரும், காருக்கும் அப்படித்தான். டென்சிலின் இன்ஜினில் பிஸ்டனைப் பிடித்திருக்கிற தண்டு முறிந்து, இன்ஜினின் பக்கச் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பாடி மட்டும் புதுசு போல இருந்தது. கிளைவின் வீடு கடலைப் பார்த்த வீடு. உப்புக்காற்று அவன் காரின் அடித்தளத்தை அரித்து, விரலால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஆனால் இன்ஜின் பிரமாதம். இரண்டு பேருமாக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்துக் கட்டியது.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு கார் வெச்சிருக்கானுங்க" என்று ஊர் சிரித்தது. ஆனால் இவன் கேட்கவில்லை, அவன் கொடுக்கவும் இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் சிநேகிதனிடம் ஒரு சிறுநீரகத்தைக் கேட்டாலும் கேட்பார்கள், இன்ஜினைக் கேட்க மாட்டார்கள்.

மார்ச் மாதம் கிளைவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அடிலெய்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேச்சு கொஞ்சம் தெளிந்ததும் முதல் வேலையாக டென்சிலுக்கு போன் போட்டான்.

"மச்சான், வாராவாரம் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என் வண்டிய ஸ்டார்ட் பண்ணு. போனை சைலன்சர்கிட்ட புடி. நான் கேக்கணும்."

நாலு ஞாயிறு டென்சில் அப்படியே செய்தான். கிளைவின் கொட்டகைக்குப் போய், சிவப்புக் காரை உறுமவிட்டு, குனிந்து போனை நீட்டிக்கொண்டு நிற்பான். மறுமுனையில் கிளைவ் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டு முடித்ததும், "போதும்டா. குளுருது பாரு, தொப்பி போட்டுக்கோ" என்பான்.

ஐந்தாவது வாரம் கிளைவின் மனைவி நோலீன் என் வீட்டுக்கு வந்தாள். டீயைத் தொடக்கூட இல்லை.

"டென்சில், அந்த இன்ஜினை நீ எடுத்துக்கோ. இனிமே அவன் வண்டி ஓட்ட மாட்டான்னு டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீயும் சொல்லிடாத."

டென்சில் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டியவள் நான்.

"எடுத்துக்கோடா. துருவோட சேந்து வீணாப் போறதுக்கு உன் வண்டியிலயாவது ஓடட்டுமே" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே தொடங்கினான். கிளைவின் கொட்டகையில் சிவப்புக் காரின் பானெட்டைக் கழற்றினான், தண்ணீரையும் ஆயிலையும் வடித்தான், ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி நம்பர் எழுதினான். பாரம் தூக்குகிற செயின் பிளாக்கின் சங்கிலியை நான்தான் இழுத்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக, மூக்கு மேலே தூக்கியபடி வெளியே வந்தன. பின்சக்கரத்துக்குப் போகிற தண்டையும் டிஃபரன்ஷியலையும் கழற்றினான். எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து, ஞாயிறு விடிவதற்குள் வெள்ளைக் காரில் பூட்டிவிட்டான். வேலை செய்யும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. கிளைவின் கொட்டகையில் மிச்சமிருந்த சிவப்புக் கூட்டைத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

பத்து மணிக்கு போன் அடித்தது.

டென்சில் போனை என் பக்கம் நீட்டினான். "என்னக்கா பண்றது?"

"உள்ளதைச் சொல்லிடுடா."

"நோலீன் சொல்ல வேணாம்னாளே."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் என் முற்றத்தில் நின்ற வெள்ளைக் காரில் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. குனிந்து போனை நீட்டினான். அன்றைக்கு கிளைவ் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டான். பிறகு, "நல்லாருக்குடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

"பாத்தியா, ஒண்ணும் தெரியல" என்றேன். பெரிய சாமர்த்தியம்!

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதேதான். சனிக்கிழமை வந்தாலே டென்சிலுக்குச் சோறு இறங்காது. அந்தக் காரை முற்றத்தை விட்டு ஒரு அடி வெளியே எடுக்கவில்லை. "திரும்ப மாட்டிடறேன்க்கா" என்பான். "அந்த ஓட்டைக் கூட்டுலயா? இன்ஜினை உக்கார வெச்சா நேரா தரைக்கு வந்துடும்" என்பேன் நான். உண்மையைச் சொல்ல அவனுக்குப் பயம். எனக்கு, அவன் சொல்லிவிட்டால் என் பங்கும் வெளியே வந்துவிடுமே என்கிற பயம். இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலையில் கிளைவ் வீட்டுக்கு வந்தான். நானும் டென்சிலும் பார்க்கப் போனோம். வலது கை பரவாயில்லை, கோப்பையைப் பிடித்தான். வலது கால்தான் இழுத்துக்கொண்டே வந்தது. உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கோலை ஊன்றி எழுந்தான்.

"வாடா, வண்டியப் பாப்போம்."

கொட்டகை வரை நடக்க அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. டென்சில் கை கொடுத்தான், கிளைவ் பிடித்துக்கொள்ளவில்லை. தார்ப்பாய்க்கு முன்னால் போய் நின்றதும் டென்சில் உடைந்துவிட்டான்.

"கிளைவ், உள்ள இன்ஜின் இல்லடா. நான் எடுத்துட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

"தெரியும்."

"நோலீன் சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா! நீ மாத்தின அன்னிக்கே தெரியும். இன்ஜின் என்னுது, சைலன்சர் உன்னுது. உன் ஓட்டை சைலன்சர் விசிலடிக்கறது எனக்குத் தெரியாதாடா? எத்தனை வருஷம் உன் பின்னாடி வந்திருக்கேன்."

"அப்பவே நாலு வார்த்தை திட்டியிருக்கலாமேடா!"

"இன்ஜினுக்கா? நீ கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன், அது வேற விஷயம்." சிரிக்கப் பார்த்தான், வாய் ஒரு பக்கம்தான் போனது. "டென்சி, நான் இனிமே வண்டி ஓட்ட மாட்டேன்னு எங்கிட்ட யாருமே சொல்லல. டாக்டர் சொல்லல. பொழுதுக்கும் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தா நோலீன், அவளும் சொல்லல. உன் சைலன்சரைக் கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். சரி, அடுத்த வாரமாவது இவன் வாயால சொல்லுவான்னு பாத்தேன். பதினோரு வாரம் பாத்தேன்."

நோலீன் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

கிளைவ் தன் வலது காலைப் பார்த்தான்.

"நீ இன்ஜின் மாத்தின அந்த ஞாயித்துக்கிழமை காலைலதான் இந்தக் கால் கட்டைவிரல் மொத மொதல்ல அசைஞ்சுது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கற கால். உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு போனைப் போட்டேன். சத்தத்தைக் கேட்டதும் அதைச் சொல்லாமலே வெச்சுட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரியில காலுக்குப் பயிற்சி குடுக்கற புள்ள வரும்போதெல்லாம், கால் வலிக்குதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்."