எண்பத்து நான்கில் நான்கு

வெர்ன் ஹ்ருஷ்காவுக்கு நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் இரண்டு வேலை. பகலில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார். சாயங்காலம், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எப்படி முன்னேற வேண்டும் என்று, நகர்வு நகர்வாக ‘ஆட்டங்களை’ வகுப்பார். இருபத்திரண்டு வருஷமாக வகுத்து வகுத்து எண்பத்து நான்கு சேர்ந்துவிட்டன. எல்லாமே அவர் பெற்ற பிள்ளை மாதிரி. ஒன்றைக்கூடக் கைவிட மனசு வராது.

பெரிய பையன்கள் எல்லாரும் படிப்பு முடித்துப் போய்விட்ட வருஷம் அது. மிச்சம் இருந்த பதினொரு பேரில் எட்டுப் பேர் பதினைந்து வயசுக்காரர்கள். களத்தில் ஆட்டத்தை நடத்தும் டேட் குபிசெக், போன வருஷம் களமிறங்காமல் பெஞ்சைத் தேய்த்தவன். அவன் மணிக்கட்டில் எண்பத்து நான்கையும் பொடி எழுத்தில் அச்சடித்த அட்டை. மைதானத்து ஓரத்திலிருந்து வெர்ன் எண்ணைக் காட்டுவார். டேட் அட்டையில் தேடுவான். தேடி முடிப்பதற்குள், ஆட்டத்தைத் தொடங்கக் கொடுத்த இருபத்தைந்து வினாடி தீர்ந்துபோய், நடுவர் மஞ்சள் துணியை வீசி, தண்டனையாக அணியை ஐந்து கெஜம் பின்னால் தள்ளுவார். கடைசிப் போட்டியில் மட்டும் ஏழு தடவை. தொடர்ந்து மூன்று போட்டிகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

திங்கள்கிழமை மதியம், பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் லவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தலைமைப் பயிற்சியாளர் கில் வோபாட் விஷயத்துக்கு வந்தார்.

“வெர்ன், மனசுல வச்சுக்காதீங்க. இந்த வெள்ளிக்கிழமையும் பூஜ்யம்னா, இனிமே ஆட்டத்த நானே சொல்லிக்கிறேன்.”

“திட்டத்துல ஒரு தப்பும் இல்ல கில். பசங்களுக்கு அனுபவம் பத்தல.”

“சரி. அத எந்தக் கடையில விக்கிறாங்க?”

வெர்ன் தன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஆட்டத்தைச் சொல்லும் உரிமையும் போய்விட்டால் அவருக்கு மிஞ்சுவது ஒரு பழைய பள்ளிக் கார்தான்.

மறுநாள் அந்தக் காரை டேட் ஓட்டினான்; சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனி பிரேக் வைத்த பக்கத்து சீட்டில் வெர்ன். பின்சீட்டில் தன் முறைக்காக மார்லிஸ் என்ற பெண் காத்திருந்தாள். நாற்சந்தி வந்ததும் பையன் கண்ணாடியையும் விளக்கையும் கியரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பிரேக்க மட்டும் பாரு தம்பி,” என்றார் வெர்ன். “மத்தத நான் பாத்துக்கிறேன்.”

கார் பதமாக நின்றது.

“கோச், இங்க ஒண்ணொண்ணா சொல்றீங்க. மைதானத்துல மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டுறீங்க?” என்றான் டேட்.

“அங்க அவரு காலுக்கடியில இன்னொரு பிரேக் இல்லையே, அதான்,” என்றாள் மார்லிஸ்.

“வாய மூடிக்கிட்டு கண்ணாடியப் பாருங்க ரெண்டு பேரும்,” என்றார் வெர்ன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையன் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

புதன்கிழமை பயிற்சியில் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். இனி நான்கே ஆட்டங்கள், அத்தனையும் சாதாரணமானவை. இரண்டு நாள் அவற்றையே திருப்பித் திருப்பி ஓடவிட்டார். பையன்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் யார் மேலும் முட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைப் போட்டியில் பாதி முடிந்தபோது எதிரணிக்குப் பதினான்கு, இவர்களுக்குப் பூஜ்யம். “வேற ஆட்டமே தெரியாதா ஹ்ருஷ்கா?” என்று பார்வையாளர் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆனால் ஒரு மஞ்சள் துணிகூட விழவில்லை.

மூன்றாம் கால்பகுதியில் எல்லைக்கோட்டுக்கு இரண்டே கெஜம்; பந்து கைமாறுவதற்கு முன் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி. அந்த இடத்துக்கென்றே வெர்ன் வகுத்து வைத்திருந்த அழகழகான ஆட்டங்கள் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த நான்கில் இரண்டாவதற்கு இரண்டு விரலைக் காட்டினார். பையன்கள் சட்டென்று வரிசையாக நின்றார்கள். டேட் பந்தை வாங்கி, தலையைக் குனிந்து நேராகப் புகுந்து, நாலு பேரோடு சேர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். கோட்டைத் தாண்டியதற்கும் அதன் பின் உதைத்த உதைக்குமாக ஏழு புள்ளி.

ஏழுக்குப் பதினான்கில் தோற்றார்கள். “அடுத்த வாரமும் நீங்களே சொல்லுங்க,” என்று கில் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கே வெர்னுக்கு உயிர் வந்தது.

அப்போது முழங்கை தேய்ந்து ரத்தம் கசிய டேட் வந்து நின்றான்.

“கோச், நாம நடுவுல ஓடுறப்பல்லாம் அவங்க ஓரத்து ஆளு உள்ள ஓடி வந்துட்டான். அந்த ஓரம் சும்மாவே கெடந்துச்சு. அங்க போறதுக்கு நம்மகிட்ட ஏதாச்சும் ஆட்டம் இருக்கா?”

இருபத்திரண்டு வருஷத்தில் வெர்னிடம் ஒரு பையன் கேட்டு வாங்க வந்த முதல் ஆட்டம் அது.

“இருக்குடா,” என்றார்.