கதிரேசன் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை ராஜ்மா

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உடன் வேலை பார்த்த பிஸ்வாஸ் தாதாவின் போன் வந்தது. "கதிரேசன் பாய் நஹீ ரஹே," என்றார். கதிரேசன் அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசல்வரைதான் தாங்கினார். எடுத்த வெங்காயத்தைத் திரும்ப வைத்தேன். கப்பல் வராத வாரம் அது, வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு. கடைக்காரர் உடனே அதை வேறொருவருக்கு நிறுத்துக் கொடுத்தார்.

துறைமுகச் சரக்குப் பிரிவில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் நான். அவரை அறிந்த உங்களுக்கு நினைவிருக்கும், எந்தக் கப்பல் எப்போது வரும் என்று கேட்டால் அவர் பதில் சொன்னதே இல்லை. அதனால் ஒருமுறையும் தவறாகச் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட மெக்ஸிகோவும் நினைவிருக்கும்.

போனில் ஏதோ மெக்ஸிகோ சமையல் வீடியோ பார்த்து, ஞாயிறுதோறும் ராஜ்மாவை அவித்து மசித்து வறுக்கத் தொடங்கினார். நெய்யில் வெங்காயமும் பூண்டும் சீரகமும் வதங்க, மத்தைப் பிடித்தபடி பேசுவார். "இதுக்குப் பேரு ரெண்டு தடவை வறுத்த பீன்ஸாம். வறுக்கிறது ஒரே தடவைதான். நம்ம ஆபீஸ்ல டிரெயினிங் எடுத்திருப்பாங்க போல." எங்களுக்குச் சப்பாத்தியோடு பரிமாறுவார். தான் பிறகு சாப்பிடுவதாகச் சொல்வார்.

ஒருமுறை குக்கர் எவ்வளவு கத்தியும் ராஜ்மா கல்லாகவே கிடந்தது.

"கோடவுன்ல கிடந்த பழைய சரக்குண்ணே," என்றேன்.

"மெயின்லாந்துல இருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள பயறுக்கும் வயசாயிடுது, ஆபீசருக்கும் வயசாயிடுது. அப்புறம் எந்தத் தண்ணியிலயும் வேகாது," என்றபடி ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டார். பயறு வெந்தது. ஆபீசர்களுக்கு அவரிடம் மருந்து இல்லை.

அவர் மனைவி சாந்தா அக்கா தாடையில் அறுவை சிகிச்சை ஆனவர். மெல்ல முடியாது, பேச்சும் குறைவு. கணவர் போனபின் கஞ்சியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார். சென்னையிலிருந்து வந்த மகள் கவிதா, "அங்கிள், அம்மா ரெண்டு நாளா தண்ணி மட்டும்தான் குடிக்கிறாங்க. இப்படியே போனா அவங்களையும்..." என்று நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது வழக்கம். என்ன வைப்பது என்று ஆபீஸ் நண்பர்கள் ஏகமனதாக முடிவெடுத்தோம். எங்கள் பிரிவின் வரலாற்றில் அதுவே முதல் ஏகமனதான முடிவு. நான் ராஜ்மா மசித்தேன், பிஸ்வாஸ் தாதா எலுமிச்சை பிழிந்தார். வடைக்கும் அதிரசத்துக்கும் நடுவே பழுப்பாக ஒரு குவியல். ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னப்பா இது, நேத்து அரைச்ச துவையலா?"

"மெக்ஸிகோ சாப்பாடு, ஐயா. அண்ணனுக்கு உசிரு," என்றேன்.

சுவரோரம் இருந்த சாந்தா அக்கா நிமிர்ந்தார். "அவருக்கா? வாயில வச்சதே இல்லை. வாயு பிடிக்கும்பாரு. கஞ்சி குடிச்சுக் குடிச்சு எனக்கு வெறுத்துப்போச்சு. அதுக்காகத் தேடித் தேடிப் பாத்துக் கத்துக்கிட்டாரு."

ஒருவருக்கு ஆகாத பண்டத்தை அவர் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு மெக்ஸிகோ பைத்தியம் என்று ஊரெல்லாம் சொன்னதும் நாங்கள்தான். பிஸ்வாஸ் தாதா என் காதருகில், "அப் க்யா கரேங்கே?" என்றார். இனி என்ன செய்வது? அந்தக் குவியலை எடுக்கக் குனிந்தேன்.

"அதை இங்க குடுங்க," என்றார் அக்கா.

கவிதா கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார். "தோலு இருக்கு, தம்பி. எனக்குன்னா அவரு சல்லடையில தேய்ச்சு எடுப்பாரு."

சமையலறைக்குப் போய்த் தேய்த்தேன். நினைத்ததைவிட நேரம் பிடித்தது. கொண்டுவந்து கொடுத்ததை அக்கா முழுவதும் சாப்பிட்டார். கவிதா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா இந்தத் தீவைவிட்டு வர மறுத்துவிட்டார். கவிதா தனியாகத் திரும்பினாள். கதிரேசன் அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமை; அக்காவுக்கு ராஜ்மாவைச் சல்லடையில் தேய்ப்பது இப்போது நான். அந்தப் பண்டம் எனக்கும் பிடிக்கவில்லை. உப்பு சரியா என்று அக்காதான் சொல்கிறார்.