முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கி, பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் என் மகன் கவின், மறு கையில் கஞ்சி ஊற்றிய பிளாஸ்க். தவமணியைப் பார்க்க ஹாலிஎலயில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் அண்ணனின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, அவசரப்பட்டு ஓடி வர வேணாம். தவம் போயிருச்சு" என்றார். பக்கத்தில் நின்ற கவின் பெயரைக் கேட்டுவிட்டான். "தவம்மாவா? குடுங்க, நான் பேசுறேன்" என்று கையை நீட்டினான். லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டேன். திரும்பவும் பசறைக்கு பஸ் ஏறி, அவனை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனேன்.

தவமணி டீச்சரை உங்களில் பலருக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு டீச்சராகத் தெரியும். கண்டிப்பானவள், பட்டென்று பேசுவாள், பெற்றோர் கூட்டத்தில் யாருக்கும் பயப்படமாட்டாள் என்றெல்லாம் அஞ்சலிக் கூட்டத்தில் பேசினீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவள் எனக்கு டீச்சர் இல்லை, தோழி. அதே பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். என் கணவர் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் என் வீட்டில் நின்ற இரண்டாவது பெரிய ஆள் தவமணிதான்.

கலியாணம் ஆகாத தோழிகள் நமக்குக் குழந்தை பிறந்ததும் மெல்லக் கழன்றுகொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பால், வாந்தி, தடுப்பூசி என்று நாம் பேசுவதை எவ்வளவு நாள்தான் கேட்பார்கள்? தவமணி கழன்றுகொள்ளவில்லை, சட்டம் போட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கு வருவாள். நான் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றுவேன். "இந்த பிளேன்டீ முடியிற வரைக்கும் உம் புள்ள கத. அப்பறம் நம்ம கத" என்பாள். கோப்பையைக் கீழே வைத்த பிறகு நான் பிள்ளையைப் பற்றி வாய் திறந்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள். அந்த நேரத்தில் மட்டும்தான் நான் அம்மாவாகவும் மருமகளாகவும் இல்லாமல் வெறும் நானாக இருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்ததெல்லாம் அப்போதுதான்.

அவளைப் பெண் பார்க்க பண்டாரவளையிலிருந்து ஆட்கள் வந்த கதையை எத்தனையோ முறை தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் கவின் எதையாவது கவிழ்ப்பான், எங்காவது விழுவான், கழுவிவிடச் சொல்லிக் கத்துவான். கதையில் மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து சேரவே ஒரு கிழமை ஆனது, அவர்களை உட்காரவைக்க இன்னொரு கிழமை. "உம் புள்ள பெரிய பள்ளிக்கூடம் போறதுக்குள்ள எங்கதைய முடிச்சிருவேன்" என்று கேலி செய்வாள். முடிக்கவில்லை. அந்த மாப்பிள்ளையை அவள் ஏன் வேண்டாம் என்றாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களுக்குள் வந்த முதல் சண்டை தொழிலாளர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில்தான். கவின் கைக்குழந்தையாக இருந்தபோது நான் பள்ளிக்கூடத்துக்கும் மாமியார் கொழுந்து பறிக்கவும் போகவேண்டும். மாமியாரின் பெயரைச் சொல்லி அவனையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் நேரத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் தெரியும். ஆயம்மா கிலுகிலுப்பையை ஆட்டுவார், பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும், தாய் பின்கதவால் ஓடிவிடுவாள். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். நானும் அப்படித்தான் ஓடிவந்தேன். பாதையில் நின்ற தவமணி கேட்டாள்: "எதக் களவெடுத்துட்டு இப்படி ஒளிஞ்சு ஓடுற?"

அன்று பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போதுதான் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லிவிட்டு அவள் அம்மா லயத்து வீட்டிலிருந்து இறங்கிப் போனார். போனது குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. இவள் பீலியடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விடுவார்களாம், மறுபடி ஓடிவிடுவாளாம். பல வருடம் கழித்து அம்மா திரும்பி வந்தபோது இவள் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவர் சாகும்வரை இருவருக்கும் நடுவில் அந்தப் பீலி இருந்தது. "அழுதா அழட்டும். மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போ" என்றாள் என்னிடம்.

மறுநாளிலிருந்து சொல்லிவிட்டுப் போனேன். கவின் அலறினான். வேண்டுமென்றே பிள்ளையை அழவைத்துவிட்டுப் போகிறோம் என்று மாமியார் எங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார். கொஞ்ச நாள் போனதும் அவனே கையசைக்கப் பழகிவிட்டான். தவமணிக்கு ஒரே பெருமை. அவள் பெருமைப்பட்டால் தாங்காது. பசறை சந்தையில் மரக்கறி வாங்கும்போதுகூட அறிமுகமில்லாத தாய்மாருக்கு இதைப் பிரசங்கம் செய்வாள்.

அவளுடைய உண்மை சில நேரம் கருங்கல்லாகவும் இருந்தது. கவின் வளர்த்த நாய்க்குட்டி லாரியில் அடிபட்டது. அது காட்டுக்குள் ஓடிவிட்டது என்று நாங்கள் சொல்லிவைத்திருந்தோம். இவள் வந்து, "செத்துப்போச்சு, பொதைச்சாச்சு" என்று சொல்லி, தூறலில் அவனைக் கூட்டிக்கொண்டு போய் மண்மேட்டைக் காட்டினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு பேச்சை விட்டேன். அவள் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, நான் பிளேன்டீ தராததால் தானே ஊற்றிக்கொண்டாள். "கோவம்னா கோவப்படு. ஆனா காய்ச்சல் மழையில நனைஞ்சதால வந்தது" என்றாள். இப்படி ஒரு ஆளோடு எத்தனை நாள்தான் பேசாமல் இருக்கமுடியும்?

நோய் என்னவென்று தெரிந்ததும் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் அவளே சொன்னாள். மருந்து எடுக்கப் போவதாகவும் முடி கொட்டும் என்றும் சொன்னபோது, ஒரு பிள்ளை சுகமாகிவிடுமா என்று கேட்டது. தெரியாது என்றாள். சின்னப் பிள்ளைகளிடம் போய் இதையா சொல்வது என்று சில பெற்றோர் அதிபரிடம் முறையிட்டார்கள். அவள் அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்த அறையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

கடைசியாகக் கவினைக் கூட்டிக்கொண்டு போன மாலையை நான் சொல்லியாகவேண்டும். அவள் போர்வைக்குள் இருக்கிறாளா என்றே தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தாள். கவின் கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, புதிய பள்ளிக்கூடச் சப்பாத்தைக் காட்டினான். ஜனவரியில் அவனுக்கு ஒன்றாம் வகுப்பு. பிறகு கேட்டான்: "நான் ஸ்கூலுக்கு வாறப்ப நீங்கதான டீச்சர்?" தெரியாது என்று சொல்லப் போகிறாள், இல்லை, அதைவிடக் கொடுமையாக உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நாந்தான். முன் பெஞ்சுல ஒனக்கு எடம் வச்சிருக்கேன்" என்றாள்.

அவன் சந்தோஷமாக முற்றத்துக்கு ஓடினான். அவளாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். "அவன் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியலடி. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்." அம்மாவைப் பற்றிக் கசப்பில்லாமல் அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது.

காரியம் முடிந்துவிட்டது. வீட்டில் கவின் தினமும் முன் பெஞ்சைப் பற்றியே பேசினான். தவமணி டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னார் மாமியார். நல்ல யோசனைதான், பிள்ளை நம்பியிருப்பான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரும் டீச்சர்மார் மாற்றலாகிப் போவது இங்கே யாருக்கும் புதிதில்லை. அப்படிச் சொன்னால் அவள் சொன்னது பொய் என்பதை நான் உடைத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அவன் காத்திருப்பான். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று அவள்மேல் கோபம் வளர்ப்பான். தன் அம்மாமேல் அவள் வளர்த்த அதே கோபம். பள்ளிக்கூடம் தொடங்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

போன சனிக்கிழமை அவனை மடியில் இருத்திச் சொன்னேன். "தவம்மா செத்துப்போச்சுப்பா. இனி வராது."

அவன் என் முகத்தையே பார்த்தான். முன் பெஞ்சு என்ன ஆகும் என்று கேட்டான். அது இருக்கும், வேறு டீச்சர் வருவார் என்றேன். அப்புறம், தன்னால் வரமுடியாது என்று தவம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டான். தெரியும் என்றேன்.

"அப்ப பொய்யா சொன்னிச்சு?"

"ஆமா. ஒன்ன விட்டுட்டுப் போக அதுக்கு மனசு வரல. அதான் சொல்லிச்சு."

அதற்குப் பிறகுதான் அழுதான். நானும் அழுதேன். அடுப்படியிலிருந்து வந்த மாமியார் அவனைத் தூக்கிக்கொண்டார்.

தவமணியின் கண்டிப்பையும் துணிச்சலையும் உண்மையையும் அவளிடம் படித்த பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும், அவை அவர்களுக்குச் சேரவேண்டியவை. எனக்கு அந்த ஒரு பொய் போதும். எந்தப் பிள்ளையிடமும் பொய் சொல்லாதவள் என் பிள்ளையிடம் தோற்றுப்போனாள். அவனை நான் மட்டும் பெற்று வளர்க்கவில்லை என்பதற்கு இதைவிட எனக்கு என்ன வேண்டும்?