முப்பத்தொரு ‘ஏ’

2022 பிப்ரவரி 16, புதன்கிழமை. கொரோனாவால் ஏறக்குறைய இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த யு.கே.ஜி. வகுப்பு சென்னை சாந்தோமில் ஒரு பள்ளியில் திறந்தது. முப்பத்தொரு குழந்தைகள் வந்தார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை.

மர்சலின் இருபத்திரண்டு வருடமாக அந்த வகுப்பை எடுப்பவர். முதல் நாள் என்றாலே கேட்டைப் பிடித்துத் தொங்கும் கைகளும் அம்மா சேலையை விடாத விரல்களும்தான் அவருக்கு நினைவுக்கு வரும். வாசலில் ஆயா அன்வரி பேகம் தயாராக நின்றிருந்தார்.

“இன்னா மிஸ்ஸு, ஒண்ணுகூட கத்தல? போன தபா ஒருத்தன் கடிச்ச தழும்பு இன்னும் கீது பாரு. இதுங்க பாட்டுக்கு உள்ள போய்க்கினே கீதுங்க.”

“நல்லதுதானே, அன்வரிம்மா?”

“நல்லதா? புள்ளைங்கன்னா அழுவணும் மிஸ்ஸு.”

பத்தரைக்கு டிபன் மணி அடித்தது. யாரும் யாருடைய டப்பாவையும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருத்தியின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து பக்கத்துப் பையனின் கால்சட்டை நனைந்தது. இருவரும் ஈரத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மர்சலின் ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தார். பாலகணேஷின் குரல். தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. ஆன்லைன் வகுப்பில் “நெட் ஸ்லோ மிஸ்” என்று அவன் வீட்டில் கேமராவை அணைத்தே வைத்திருப்பார்கள். ஆனால் கேள்வி கேட்டால் முதல் பதில் அவனுடையதுதான். கீச்சுக் குரலில், தப்பே இல்லாமல். இப்போது அவன் மூன்றாவது பெஞ்சில் ஷூவின் பட்டையை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நிமிரவில்லை. பின்னால் யாரோ பிஸ்கட் உறையைப் பிரித்ததும் சட்டென்று திரும்பினான். காது நன்றாகக் கேட்கிறது.

அவருக்குப் போன ஆகஸ்ட் மாதத்து ஆன்லைன் வகுப்பு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் கீச்சுக் குரல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவர்கள் குரலில் இருமியது. மர்சலின் சிரித்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டிருந்தார்.

மதியம் அவன் அம்மா சண்முகவடிவு அழைத்துப் போக வந்தார்.

“ஆன்லைன் கிளாஸ்ல அவன் மாதிரி பதில் சொன்னது நீங்கதானே?” என்று கேட்டார் மர்சலின்.

“மத்த புள்ளைங்க டக்கு டக்குன்னு சொல்லுதுங்க மிஸ். நம்மாளு மட்டும் உம்முன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“வீட்ல பேசுவானா?”

“ஓ! டிவி விளம்பரம் அம்புட்டும் ஒரு எழுத்து விடாம சொல்லுவான்.”

“அம்மான்னு கூப்பிடுவானா?”

சண்முகவடிவு கைப்பையிலிருந்து காலாண்டு மதிப்பெண் அட்டையை எடுத்து நீட்டினார். ‘மற்ற குழந்தைகளுடன் பழகுதல்: ஏ’. மர்சலினின் கையெழுத்து. பதில் சொல்லும் குழந்தையைத் தவிர எல்லார் மைக்கையும் அணைத்து வைத்த நாற்பது நிமிட வகுப்பில் அதைப் பார்க்க வழியில்லை. காலியாக விட்டால் பெற்றோர் போன் மேல் போன் போடுவார்கள் என்று எல்லாருக்கும் ஒரே எழுத்தைப் போட்டிருந்தார்.

“அக்டோபர்லயே எனக்குச் சந்தேகம் மிஸ். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இதைக் காட்டினேன். மிஸ்ஸே ஏ போட்டிருக்காங்க, பயப்படாம கொஞ்ச நாள் பாருங்கன்னுட்டார்.”

மர்சலின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் தான் எழுதியது தவறு என்று ஒரு தாளில் கைப்பட எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை முப்பத்தொரு பெயரையும் குழந்தைகளின் முதுகுப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பாலகணேஷையும் சேர்த்து ஒன்பது பேர் திரும்பவில்லை. ஒன்பது அட்டைகளிலும் ஏ.

பாலகணேஷுக்குப் பேச்சுப் பயிற்சி மையத்தில் கிடைத்த முதல் தேதி ஆகஸ்ட் 22. ஒன்றாம் வகுப்பு ஜூனிலேயே தொடங்கிவிடும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மற்ற எட்டு அம்மாக்களும் வருகிறார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மர்சலின்.