பிரேக்குக்குள் காற்று

பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்க்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் அதனோடு பேசத் தொடங்கிவிடுவோம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படிப் பேசும்போதும் வாக்கியப் பிழை வராமல் பார்த்துக்கொள்பவன், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரான நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நிபந்தனை

ஒரு வாரமாக முன் பிரேக் பஞ்சுபோல அமுங்கியது. ஒயில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. இதை மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் உளறியது என் தவறு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி நாலு முகம் பார்த்து வருவது இந்த வண்டியில்தான். அது போனால் நான் வீட்டோடு. அவள் யோசிக்கவே இல்லை.

“அப்பா, வண்டியத் தனியத் திருத்த ஏலுமெண்டா வச்சிருங்கோ. ஏலாதெண்டா இந்த மாசமே வித்துப்போடுங்கோ.”

தோன்றா எழுவாய்

காற்றை எடுக்க ஒருவர் மேலே பிரேக் பிடியை அமுக்க வேண்டும், ஒருவர் கீழே சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். கை நீண்டவர்கள் தனியே செய்துவிடுவார்கள். எனக்கு வலது தோள் எழும்பாது. ‘உதவியாளரை அமுக்கச் சொல்லவும்’ என்கிறது கைநூல். பிழையில்லாத வாக்கியம். எழுவாய் தோன்றவில்லை, அது மரபு. என் வீட்டில் உதவியாளரும் தோன்றுவதில்லை.

சைக்கிள் டியூப் துண்டால் பிடியை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். பாதி ஒயில் என் இடுப்புச் சாரத்தில். பஸ் ஏறி மடவளைக்குப் போய், உதிரிப்பாகக் கடை ஹனிபா நானாவிடம் மூன்றாவது போத்தல் பிரேக் ஒயில் கேட்டேன். அவர் என் சாரத்தின் கறையைப் பார்த்தார்.

“மாஸ்டர், ஒங்களுக்கு வேண்டி ஈக்கிறது ஒயில் இல்ல, ஒரு ஆளு.”

ஞாயிற்றுக்கிழமை

மேல்மாடியில் குடியிருக்கும் செல்வராஜ் ஹந்தானைக்காரர். கண்டி டவுனில் துணிக்கடை வேலை. இரண்டு வருடமாக எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். அவர் அமுக்க, நான் திறக்க, நட்டில் மாட்டிய சின்னக் குழாய் வழியே ஜேம் போத்தலுக்குள் குமிழிகள் வந்தன. ஐந்து நிமிடத்தில் குமிழி நின்றது. பிடி கல்லாக இறுகியது.

“இன்னும் கொஞ்சம் இருக்கும்” என்றேன். அமுக்கினார். பிள்ளைகள் எந்த வகுப்பு, ஹந்தானையில் இப்போதும் அந்தக் குளிரா என்று கேட்டேன். “இன்னும் ஒருதரம்.” பத்துத் தரம் அமுக்கியிருப்பார். பிறகு பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“காத்து எப்பவோ போயிருச்சு சேர். தேத்தண்ணி ஊத்துங்க, ஒக்காந்தே பேசுவோம்.”

‘தனியத்தான் செய்தனான்’ என்று மகளிடம் ஒரு பொருட்பிழையைச் சொல்லி வண்டியைக் காப்பாற்றியாயிற்று, அடுத்த ஞாயிறு பின் பிரேக்கிலும் காற்றெடுக்க வேண்டும் என்று செல்வராஜிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன், கம்பியில் இயங்கும் அந்தப் பிரேக்குக்குள் காற்று புக வழியே இல்லை என்றாலும்.