பலிபீடச் சுவர் மண்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில் நடந்தது இது. நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருக்கிறது. சுரங்க வேலைக்காகக் கேரளாவிலிருந்து வந்த முதல் தலைமுறையினர் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து கட்டிய சின்னக் கோயில். பலிபீடத்தின் பின்சுவரைப் பூசியது என் அப்பா. மழைநீர் இறங்கிப் பூச்சு உப்பி உதிர ஆரம்பித்ததால் புதுப்பிக்க முடிவானது. பணி ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறாளே என்று மேற்பார்வைக்கு என்னைப் போட்டார்கள்.

நான் முப்பது வருடம் சுரங்க நிறுவனத்தின் ஸ்டோரில் வேலை பார்த்தவள். கேட் பாஸ் இல்லாமல் ஓர் ஆணி வெளியே போனாலும் எனக்குச் சோறு இறங்காது.

வேலைக்கு வந்தவர்களில் ஒரு சித்தாள் மட்டும் கண்ணை உறுத்தினாள். பக்கத்துக் கிராமத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். காலையில் வெறும் தூக்குச்சட்டியோடு வருவாள், சாயந்திரம் போகும்போது சைக்கிள் கேரியரில் வாய் கட்டிய சிமென்ட் சாக்கு ஒன்றும் இருக்கும். முதல் நாள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாளும் சாக்கு போனது, அதுவும் நல்ல கனமாக.

உள்ளே ஓடிப்போய் விளக்கு, தூபக்கால், வெண்கலச் சிலுவை எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அப்படியும் மனசு ஆறவில்லை. சிமென்டா, மணலா, பழைய தேக்குச் சட்டமா? அதே யோசனையில் அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

நான்காம் நாள் வாசலில் மறித்தேன். மேஸ்திரியும் மற்ற ஆட்களும் நின்றிருந்தார்கள். வேண்டுமென்றேதான் அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

"சாக்குல என்னம்மா?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவுத்துக் கொட்டு."

கொட்டினாள். உடைந்த சுண்ணாம்புப் பூச்சும் தூளும்தான் விழுந்தன.

"இதை எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"சாமிக்குப் பின்னாடி செவுத்துல இருந்து வுழுந்ததுங்க. எல்லாத்தையும் டிராக்டர்ல ஏத்தி ரோட்டுப் பள்ளத்துல கொட்டச் சொல்லிட்டீங்க. ஊரே மிதிச்சிக்கினு போவும். எங்க கோயில்ல திருப்பணின்னா கருவறை மண்ண ஏரியிலதான் கரைப்போம். அதான் வூட்டுக்குப் போற வழியில கரைச்சிட்டுப் போறேன்."

"கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?"

"உங்க சாமி மண்ண நான் தொட்டா ஏதாச்சும் சொல்லுவீங்களோன்னு பயந்துகினு கேக்கலைங்க."

கோயில் பிரதிஷ்டையன்று எங்கள் ஆயர் அந்தச் சுவரில் புனிதத் தைலம் பூசியிருக்கிறார். அங்கிருந்து எடுத்தது காலில் மிதிபடக் கூடாது என்பது எங்கள் முறையும்தான். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா கையால் பூசியதைப் பள்ளத்துக்கு அனுப்பச் சொன்னவள் நான். அதைக் காப்பாற்றியவளைத் திருடியாக்கியதும் நான். அப்போதுகூட, "சரி, கெளம்பு" என்று மட்டும்தான் சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்று மேஸ்திரி சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போனேன். "தப்பு என்மேலதாம்மா. மன்னிச்சிடு, வேலைக்கு வா" என்றேன். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். "வரேங்க" என்றாள்.

வந்தாள். மிச்சமிருந்த பூச்சை இருவரும் சேர்ந்தே ஏரியில் கரைத்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியானேன். அன்று சாயந்திரம் கிளம்பும் முன் நேராக என்னிடம் வந்தாள். கைப்பையை உதறிக் காட்டினாள், தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினாள்.

"ஐயோ, வேணாம்மா."

"பாத்துக்குங்க மேடம்."

குரலில் கோபமே இல்லை. வேலை முடியும் வரை, இரண்டு வாரமும், ஒரு நாள் விடாமல் அப்படிக் காட்டிவிட்டுத்தான் போனாள். மன்னிப்புக் கேட்டால் ஆள் திரும்பி வரலாம், ஆனால் நாம் உடைத்த நம்பிக்கை கூடவே வந்துவிடாது என்பதை, கழுவித் துடைத்த அந்தத் தூக்குச்சட்டிக்குள் பார்த்துப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.